கரகோஸ் நிழலாட்டம்: திரையில இருந்த அந்தத் தெரு எங்க போச்சு

கேட்டவர் ரம்ஜான் மாசத்துல இஸ்தான்புல் போயிருக்கார். ஒரு பார்க்ல சின்ன வெள்ளைத் திரையில ரெண்டு தோல் பொம்மை அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, முன்னாடி உக்காந்திருந்தது எல்லாம் சின்னப் பசங்க. இது வெறும் குழந்தைங்க ஷோ தானா, இதுக்கு ஏன் யுனெஸ்கோ பட்டியல்ல இடம், அந்தக் காலத்துல பெரியவங்க மாசம் பூரா ராத்திரி ராத்திரி உக்காந்து பார்த்தாங்கன்னு சொல்றாங்களே அது நிஜமா, இது நம்ம பக்கத்துல இருந்து போன கலையா, இதான் கேள்வி. நான் துருக்கிய மொழி கத்துக்க ஆரம்பிச்சதே இந்த ஆட்டத்துக்காகத்தான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஆட்டத்துக்கும் அதோட நாயகனுக்கும் பேர் கரகோஸ். கரா-ன்னா கருப்பு, கோஸ்-னா கண்ணு, கருங்கண்ணன்னு வெச்சுக்கலாம். கூட இருக்கறது ஹஜிவத். கரகோஸுக்கு வட்டமான தாடி, உடுப்புல சிவப்பு தூக்கலா இருக்கும், தலையில ஒரு பெரிய குல்லா, அது அப்பப்ப பின்னாடி சாயும், சாஞ்சா மொட்டைத் தலை தெரியும், கூட்டம் சிரிக்கும். ஹஜிவத்துக்கு கூரான தாடி, பச்சை உடுப்பு. கரகோஸ் படிக்காதவன், வேலை கிடையாது, எப்பவும் பசி, மனசுல பட்டதை அப்படியே சொல்லிடுவான். ஹஜிவத் நாலு எழுத்து படிச்சவன், தெருவுல யாருக்கு என்ன வேணும்னாலும் தரகு பேசி முடிச்சு வைக்கறவன், பெரிய மனுஷங்க கிட்ட எப்படிப் பேசணும்னு தெரிஞ்சவன். ரெண்டு பேரும் எதிர் எதிர் வீடு. ஒருத்தனைத் திட்டாம இன்னொருத்தனால ஒரு நாள் இருக்க முடியாது.

ஆட்டம் எப்படி ஆரம்பிக்கும்னு சொல்றேன், ஏன்னா அந்த ஆரம்பத்துலயே பாதி விஷயம் இருக்கு. முதல்ல திரையில ஒரு படம் மட்டும் அசையாம நிக்கும், ஒரு கப்பலோ மரமோ மோகினி மாதிரி ஒரு உருவமோ, இதுக்கு கோஸ்தெர்மெலிக்னு பேர், ஜனங்க வந்து உக்கார்ற வரைக்கும் கண்ணுக்கு ஒரு வேலை. அப்புறம் நாரெகென்னு ஒரு நாணல் பீப்பி, பீ...னு ஒரு கரகரப்பான சத்தம், அந்தப் படம் நடுங்கிக்கிட்டே மேல போயிடும். ஹஜிவத் பாட்டுப் பாடிக்கிட்டே வருவான், வந்து "ஹய் ஹக்"னு இறைவன் பேரைச் சொல்லி ஒரு கஸல் பாடுவான். அந்த கஸல் விளையாட்டு இல்லைங்க, சூஃபி சமாச்சாரம். இந்தத் திரை தான் உலகம், நாம எல்லாம் நிழல், பின்னாடி ஒரு விளக்கு இருக்கற வரைக்கும் தான் நம்ம ஆட்டம், அதைப் பார்க்கத் தெரிஞ்சவன் பார்த்துக்கோன்னு சொல்ற பாட்டு. இதைப் பாடி முடிச்சு, எனக்கு ஒரு பேச்சுத்துணை கிடைக்காதா, நாலு வார்த்தை நயமா பேசற ஒரு சிநேகிதன் வந்தா நல்லா இருக்குமேன்னு ஹஜிவத் கூப்பாடு போடுவான். மேல வீட்டு ஜன்னல்ல இருந்து கரகோஸ், தூக்கம் கெட்ட கடுப்புல, பொத்துனு குதிச்சு அவனை நாலு சாத்து சாத்துவான். இவ்வளவு நேரம் உலகமே நிழல்னு உருகிட்டு இருந்த கூட்டம் அடுத்த நிமிஷம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கும். இந்த ரெண்டும் ஒட்டி ஒட்டி வர்றது தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம்.

அதுக்கப்புறம் வர்றது முஹாவெரெ, அதாவது ரெண்டு பேரும் சும்மா பேசறது. கதையோட சம்பந்தமே இருக்காது, ஆனா நல்ல ஆட்டக்காரன் யாருன்னு தெரியறது இங்கதான். ஹஜிவத் பேசறது உஸ்மானிய காலத்து மேல்தட்டு துருக்கி மொழி, பாதிக்கு மேல அரபியும் பாரசீகமும் கலந்து நெளிஞ்சு நெளிஞ்சு போகும். கரகோஸ் பேசறது தெரு துருக்கி. ஹஜிவத் சொல்ற ஒவ்வொரு பெரிய வார்த்தையையும் கரகோஸ் தனக்குத் தெரிஞ்ச ஏதோ ஒரு சின்ன வார்த்தையா காதுல வாங்கிப்பான். இதை மொழிபெயர்க்கவே முடியாது, தமிழ்ல நானா ஒண்ணு ஒப்பிட்டுச் சொன்னா இப்படி இருக்கும். ஹஜிவத் "நண்பரே, தங்கள் வரவு என்னை உவகையில் ஆழ்த்துகிறது"ன்னு சொல்றான்னு வைங்க, கரகோஸ் "வரவா? எனக்கு செலவு மட்டும் தான்யா இருக்கு, எந்தக் கிணத்துல ஆழ்த்தப் போற?"ன்னு கேப்பான். இப்படியே அரை மணி நேரம் போகும். கேட்கறவங்கள்ல ஒரு பாதிக்கு ஹஜிவத் பேச்சு புரியும், இன்னொரு பாதிக்கு கரகோஸ் மாதிரியே புரியாது, ஆனா ரெண்டு பேருமே சிரிப்பாங்க. அரண்மனைக்கும் தெருவுக்கும் நடுவுல இருந்த தூரத்தை வார்த்தை வார்த்தையா அளந்து காட்டின கலை இது.

அப்புறம் தான் ஃபஸில், அதாவது அன்னிக்கு கதை. கதை பெரும்பாலும் ரொம்ப எளிமையா இருக்கும். கரகோஸுக்கு வேலை இல்ல, ஹஜிவத் ஒரு வேலை பிடிச்சுத் தருவான், அந்த வேலைக்காக தெருவுல இருக்கற ஒவ்வொருத்தரும் வருவாங்க, எல்லாம் சொதப்பும். "படகு"ன்னு ஒரு கதையில ரெண்டு பேரும் ஓடக்காரங்க ஆயிடுவாங்க, "ஊஞ்சல்" கதையில ஊஞ்சல் வாடகைக்கு விடுவாங்க, "எழுத்தர்" கதையில படிப்பே இல்லாத கரகோஸ் மத்தவங்களுக்கு லெட்டர் எழுதித் தர்ற கடை வைப்பான். "பெரிய கல்யாணம்"னு ஒண்ணுல கரகோஸுக்கு கல்யாணம் நடக்கும், கல்யாண ராத்திரியே பொண்ணுக்கு குழந்தை பிறந்துடும். "கன்லி நிகார்"ங்கறதுல சில பொம்பளைங்க தங்களை ஏமாத்தின பணக்காரப் பையனை வீட்டுக்குள்ள வரவெச்சு உடுப்பை எல்லாம் உருவிட்டு அம்மணமா தெருவுல விட்டுடுவாங்க, அவனுக்காக நியாயம் கேக்கப் போற ஒவ்வொருத்தனும் அதே கதியில வெளிய வருவான், கரகோஸ் உள்பட.

இந்த வர்ற போற ஆளுங்க இருக்காங்களே, அவங்க தான் உண்மையான சொத்து. கருங்கடல் பக்கத்து லாஸ் இனத்து ஓடக்காரன் மூச்சே விடாம பேசுவான். அல்பேனியன் தோட்டக்காரனா வருவான். அப்புறம் பாரசீக வியாபாரி, யூதன், அர்மீனியன், கிரேக்கன், கைசெரி ஊர் கடைக்காரன், அரபு. அபின் போட்டு பேச்சு நடுவுலயே குறட்டை விடற திர்யாகி, கையில பாட்டிலும் கத்தியுமா வந்து ஊரை மிரட்டற துஸ்சுஸ் தெலி பெகிர், குள்ளன் பெபெருஹி, மினுக்கிக்கிட்டுத் திரியற ஜெலெபி, பொம்பளை வேஷம் எல்லாத்துக்கும் பொதுப்பேர் ஸென்னெ. ஒவ்வொருத்தருக்கும் தனி நடை, தனி பாட்டு, துருக்கி மொழியையே அவங்க அவங்க ஊர் வாடையில பேசற தனி உச்சரிப்பு. பொம்மை திரைக்குள்ள வர்றதுக்கு முன்னாடி பாட்டைக் கேட்டே யார் வர்றான்னு ஜனங்க சொல்லிடுவாங்க. இத்தனை குரலும் ஒரே ஒரு ஆள் தொண்டையில இருந்து வரணும். அந்த ஆளுக்கு ஹயாலின்னு பேர், ஹயால்னா கற்பனை, நிழல். பக்கத்துல ஒரு உதவியாள் இருப்பான், பொம்மை எடுத்துக் கொடுக்க, தெஃப்ங்கற கைமேளம் தட்ட, பாட, அவன் பேர் யார்தக். அவ்வளவுதான் கம்பெனி.

துருக்கிக்காரங்க இந்த மாதிரி தெருவை மஹல்லேன்னு சொல்வாங்க. நம்ம ஊர் முஸ்லிம்கள் மஹல்லான்னு சொல்றாங்களே அதே அரபு வார்த்தை தான். திரைக்கு பெர்தேன்னு பேர், நம்ம பர்தா. வேடிக்கை காட்சிக்கு தெமாஷா, அது நமக்கு தமாஷா வந்து சேர்ந்துச்சு. வார்த்தைங்க இப்படி பாரசீகம் வழியா ரெண்டு பக்கமும் போயிருக்கு, ஆட்டம் போச்சான்னு பின்னாடி சொல்றேன்.

பெரியவங்க பார்த்தாங்களான்னு கேட்டீங்க. பெரியவங்களுக்காகவே தான் இருந்துச்சு. இஸ்தான்புல்ல 1550களின் நடுவுல காபிக்கடை வந்ததுக்கு அப்புறம் இதுக்கு நிரந்தரமா ஒரு இடம் கிடைச்சுது. ரம்ஜான் மாசம் நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகை முடிஞ்சு வந்தா ஆம்பளைங்க காபிக்கடைக்கு கிளம்புவாங்க, மினாரெட் நடுவுல விளக்குத் தோரணம் தொங்கும், ஷெஹ்ஸாதேபாஷி பக்கம் திரெக்லெரராசின்னு ஒரு தெருவே ரம்ஜான் கேளிக்கைக்குப் பேர் போனது. நல்ல ஹயாலின்னா 28 கதை தெரிஞ்சிருக்கணும்னு ஒரு கணக்கு, ரம்ஜான்ல ராத்திரிக்கு ஒரு கதை, குர்ஆன் இறங்கின லைலத்துல் கத்ர் ராத்திரி மட்டும் ஆட்டம் கிடையாது. சுன்னத் கல்யாணத்துலயும் கட்டாயம் வைப்பாங்க. 1582ல மூணாம் முராத் சுல்தான் தன் மகனோட சுன்னத்துக்கு அம்பது நாளுக்கு மேல திருவிழா நடத்தினார், அதுலயும் நிழலாட்டக்காரங்க ஆடினாங்க.

உருவம் வரையறது இஸ்லாம் மார்க்கத்துல கூடாதேன்னு கேள்வி வரும். 16ஆம் நூற்றாண்டுல ஷைகுல் இஸ்லாமா, அதாவது உஸ்மானிய அரசோட தலைமை மார்க்க அறிஞரா இருந்த எபுஸ்ஸுஊத் எஃபெந்தி கிட்டயே இதைக் கேட்டாங்க, படிப்பினைக்காகப் பார்த்தா தப்பில்லைங்கற மாதிரி அவர் பதில் கொடுத்தார். பொம்மை உடம்புல ஓட்டை ஓட்டையா இருக்கே, ஓட்டை விழுந்த உடம்புல உயிர் எப்படித் தங்கும், அதனால இது உருவமே ஆகாதுன்னு ஒரு சமாதானமும் மக்கள் சொல்லிக்கிட்டாங்க. ஆனா மேடையில நடந்தது எல்லாமே படிப்பினைன்னு சொல்ல முடியாது. பழைய கரகோஸ் ரொம்பப் பச்சையா இருக்கும், இதைப் போய் குழந்தைங்களும் பார்க்கறாங்களேன்னு 19ஆம் நூற்றாண்டுல வந்த ஐரோப்பியப் பயணிகள் அதிர்ச்சியா எழுதி வெச்சிருக்காங்க. அரசியலும் அப்படித்தான், மந்திரி, பாஷா யாரையும் விட்டு வைக்க மாட்டான். அப்துல் அஸீஸ் சுல்தான் காலத்துல இருந்து கெடுபிடி அதிகமாச்சு, அப்துல் ஹமீத் காலத்துல வாயைத் திறக்கவே முடியல. அல்ஜீரியாவுக்குப் போன கரகோஸை பிரெஞ்சுக்காரங்க 1843ல தடையே பண்ணிட்டாங்க. 1908ல இஸ்தான்புல்ல சென்சார் விலகினப்ப, புதுசா வந்த ஒரு நையாண்டிப் பத்திரிகைக்கு வெச்ச பேரே கரகோஸ் தான்.

இனி எங்க இருந்து வந்துச்சுங்கற கதை. துருக்கியில யாரைக் கேட்டாலும் பூர்சாங்கற ஊர்ல நடந்த கதை தான் சொல்வாங்க. ஓர்ஹான் சுல்தான் பூர்சாவுல மசூதி கட்டறார், ஹஜிவத் கொத்தனார், கரகோஸ் கொல்லன், ரெண்டு பேரும் பேசற பேச்சைக் கேக்கறதுக்காக மத்த ஆளுங்க கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு நின்னுடறாங்க, மசூதி எழும்பவே இல்ல. சுல்தான் கோவத்துல ரெண்டு பேர் தலையையும் எடுக்கச் சொல்லிட்டார், அப்புறம் மனசு கேக்காம துடிச்சார். அதைப் பார்த்து ஷேக் குஷ்தெரின்னு ஒரு பெரியவர் தன் தலைப்பாகையை அவுத்து திரையா கட்டி, பின்னாடி விளக்கு வெச்சு, செருப்பையே உருவமா ஆட்டி அவங்களைத் திரும்பப் பேச வெச்சார். அதனால இன்னிக்கும் திரைக்கு குஷ்தெரி மைதானம்னு ஒரு பேர் உண்டு, ஆட்டக்காரங்க அவரைத் தான் குருவா நினைக்கறாங்க. ஓர்ஹான் மசூதி நிஜம், 1339ல கட்டினது, இன்னும் இருக்கு. மத்தது செவிவழிக் கதை. ஆனா யோசிச்சுப் பாருங்க, அரசாங்கம் கொன்ன ரெண்டு கூலியாளுங்க நிழலா வந்து அதே அரசாங்கத்தைக் கிண்டல் பண்றாங்கன்னு ஒரு ஜனம் தன் கலைக்கு பிறப்புக் கதை சொல்லியிருக்குன்னா, அந்தக் கலையை அவங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு அதுலயே தெரியுது.

எழுத்துல கிடைக்கற சாட்சி எகிப்துல இருக்கு. அங்க நிழல் நாடகம் 13ஆம் நூற்றாண்டுலயே இருந்துச்சு, இப்னு தானியால் எழுதின மூணு நாடகம் இன்னும் கைவசம் இருக்கு. 1517ல உஸ்மானிய சுல்தான் முதலாம் செலீம் கெய்ரோவைப் பிடிச்சு, எகிப்தை ஆண்ட கடைசி மம்லூக் சுல்தான் தூமான்பாயை ஸுவைலா வாசல்ல தூக்குல போட்டார். அப்ப கயிறு ரெண்டு தடவை அறுந்துச்சாம். அதையே ஒரு நிழலாட்டக்காரன் செலீம் முன்னாடி ஆடிக் காட்டினான், கயிறு அறுந்தது உள்பட. செலீமுக்கு ரொம்பப் பிடிச்சுப் போய் 80 பொற்காசும் ஜரிகை அங்கியும் கொடுத்து, என் மகனும் இதைப் பார்க்கணும், இஸ்தான்புல் வான்னு சொன்னார். இதை அந்தக் காலத்துலயே கெய்ரோவுல வாழ்ந்த இப்னு இயாஸ் எழுதி வெச்சிருக்கார். துருக்கிய நாடக வரலாற்றுல பெரிய ஆளான மெதின் அந்த் இந்த எகிப்து வழியைத் தான் ஏத்துக்கறார், எனக்கும் அதுதான் சரின்னு படுது. அந்த மகன் தான் பின்னாடி சுலைமான் சுல்தான்.

அப்ப நம்ம ஊர்ல இருந்து போகலையான்னா, நேரா போனதுக்கு ஆதாரம் எதுவும் இல்ல. இந்தியாவுலயும் ஜாவாவுலயும் நிழலாட்டம் ரொம்பப் பழசு, அங்க இருந்து கடல் வழியா எகிப்துக்கு வந்திருக்கலாம்னு சொல்ற அறிஞர்கள் உண்டு, அது ஊகம் தான். பொம்மையைப் பிடிக்கற விதத்தைப் பாருங்க. நம்ம தோல்பாவையில குச்சி உருவத்தோட நடுவுல நீளவாக்குல ஓடும், கீழ இருந்து பிடிப்பாங்க. கரகோஸ்ல குச்சி உருவத்துக்கு நேர் குறுக்க, ஆட்டக்காரன் நெஞ்சுல இருந்து திரையைப் பார்த்து நீட்டின மாதிரி, தோல்ல இருக்கற ஓட்டைக்குள்ள சொருகியிருக்கும். பொம்மை திரையில அழுத்தி ஒட்டிக்கும், அதனால நிழல் கருப்பா விழாது, கலர் கண்ணாடி மாதிரி சிவப்பும் பச்சையும் அப்படியே தெரியும்.

அந்தத் தோல் ஒட்டகத் தோல். சூட்டுக்கு சுருளாது, சுரண்டிச் சுரண்டி எடுத்தா வெளிச்சம் உள்ள பாயற அளவுக்கு வரும். முடியையும் கொழுப்பையும் கண்ணாடித் துண்டால வழிச்சு, வெயில்ல காய வெச்சு, நெவ்ரெகான்னு ஒரு சின்னக் கத்தியால வெட்டி, ஓட்டை போட்டு, பழைய ஆளுங்க வேர்ல இருந்து எடுத்த சாயத்தை ரெண்டு பக்கமும் பூசுவாங்க. கழுத்து, இடுப்பு, முட்டி மாதிரி இடங்கள்ல தனித்தனித் துண்டா வெட்டி நரம்பால கோப்பாங்க. உயரம் 35ல இருந்து 40 சென்டிமீட்டர் இருக்கும். பெரும்பாலான உருவத்துக்கு ஒரு குச்சி தான், கரகோஸுக்கு கைக்குன்னு இன்னொரு குச்சி, அடிக்கணும்ல. அந்தக் காலத்துல பின்னாடி எண்ணெய் விளக்கு, சுடர் ஆடும்போது பொம்மை மூச்சு விடற மாதிரி இருக்கும். இப்ப பல்பு, அந்த மூச்சு இல்ல.

சரி, ஏன் குழந்தைங்க மட்டும் உக்காந்திருந்தாங்க? சினிமா வந்துச்சு, ரேடியோ வந்துச்சு, டிவி வந்துச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க, அது உண்மைதான். ஆனா எனக்குத் தோணறது வேற ரெண்டு காரணம், அது ரெண்டும் இன்னும் ஆழமானது.

முதலாவது ஹஜிவத்தோட மொழி போயிடுச்சு. 1928ல அரபு எழுத்தை விட்டுட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினாங்க, 1932ல மொழிச் சங்கம் ஆரம்பிச்சு அரபு பாரசீக வார்த்தைகளை எடுத்துட்டு புதுத் துருக்கி வார்த்தைகளைக் கொண்டு வந்தாங்க. நம்ம தனித்தமிழ் இயக்கத்தை அரசாங்கமே முழு பலத்தோட, ஸ்கூல், பத்திரிகை, ஆபீஸ்னு எல்லாத்துலயும் நடத்தின மாதிரி யோசிச்சுக்கோங்க. ரெண்டு தலைமுறையில ஹஜிவத் பேச்சு யாருக்கும் புரியாத பேச்சாயிடுச்சு. கரகோஸ் தப்பா காதுல வாங்கறான்னு சிரிக்கணும்னா, சரியான அர்த்தம் என்னன்னு நமக்குத் தெரியணும் இல்லையா? இப்ப கூட்டத்துல எல்லாருமே கரகோஸ் தான், யாரும் ஹஜிவத் கிடையாது. அதனால இன்னிக்கு ஆட்டக்காரங்க வார்த்தை விளையாட்டைக் குறைச்சு அடிதடியைக் கூட்டிட்டாங்க, அடிதடி குழந்தைங்களுக்குப் புரியும்.

ரெண்டாவது அந்தத் தெரு போயிடுச்சு. திரையில வந்த கிரேக்க டாக்டர், அர்மீனியன், யூதன் எல்லாரும் ஒரு காலத்துல பக்கத்து வீட்டுக்காரங்க. கேலி பண்ணாங்க, சில நேரம் கேவலமாவும் பண்ணாங்க, அதை மறைக்கத் தேவையில்ல, ஆனா நிஜமா அடுத்த வீட்டுல இருக்கறவனைப் பத்தின கேலி அது. 1915ல அனடோலியாவுல அர்மீனியர்களை அழிச்சாங்க, 1923ல கிரேக்கத்தோட ஜனங்களையே பரிமாறிக்கிட்டாங்க, இங்க இருந்த கிறிஸ்தவங்க அங்க, அங்க இருந்த முஸ்லிம்கள் இங்க. அதுல தப்பி இஸ்தான்புல்ல மிஞ்சினவங்க மேல 1942ல சொத்து வரி விழுந்துச்சு, 1955 செப்டம்பர்ல ரெண்டு நாள் கலவரத்துல கடைகளும் சர்ச்சுகளும் நொறுங்குச்சு, 1964ல கிரேக்கக் குடியுரிமை இருந்தவங்களை வெளியேத்தினாங்க. யூதர்கள்ல நிறைய பேர் 1948க்கு அப்புறம் இஸ்ரேல் போயிட்டாங்க. இப்ப திரையில ஒரு அர்மீனியன் வந்து அவன் உச்சரிப்புல பேசினா, அப்படிப் பேசற ஒருத்தரை நேர்ல கேட்டே இராத பையன் எதை நினைச்சு சிரிப்பான்? அந்தப் பொம்மைகளை மியூசியத்துல வரிசையா பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டையை அடைக்கும், ஒரு தெருவோட குரூப் போட்டோ மாதிரி இருக்கும்.

குடியரசு காலத்துல காப்பாத்த முயற்சி பண்ணாமலும் இல்ல. 1930கள்ல அரசாங்கம் ஊர் ஊரா நடத்தின மக்கள் மன்றங்கள் வழியா புது விஷயத்தை வெச்சு புது கரகோஸ் எழுதினாங்க, ஆனா அரசாங்கத்துக்காக நல்லது சொல்ற கரகோஸ் கரகோஸே இல்லைன்னு தான் நான் சொல்வேன். உண்மையா காப்பாத்தினவங்க எழுதி வெச்சவங்களும் விடாம ஆடினவங்களும். அரண்மனை ஆட்டக்காரர் நஸீஃப் பே சொன்ன கதைகளை ஜெர்மன்காரர் ஹெல்முட் ரிட்டர் எழுதி எடுத்து வெளியிட்டார், பின்னாடி ஜெவ்தெத் குத்ரெத் மூணு தொகுதியா கதைகளைத் தொகுத்தார், இவங்க இல்லைன்னா பழைய முஹாவெரெ நிறைய நமக்குக் கிடைச்சிருக்காது. 1886ல பிறந்து 1974 வரைக்கும் இருந்த ஹயாலி கூச்சுக் அலி ரேடியோவுலயே கரகோஸ் நடத்தினார், நிழலே இல்லாத நிழலாட்டம், குரல் மட்டும். ஜனங்க கேட்டாங்க, ஏன்னா பாதி ஆட்டம் காதுல தானே இருக்கு.

யுனெஸ்கோ 2009ல பட்டியல்ல சேர்த்துச்சு. கிரேக்கத்துல உடனே சலசலப்பு, ஏன்னா அவங்க கிட்ட கரகியோஸிஸ்னு அதே ஆள் இருக்கான், செருப்பில்லாத கால், முதுகுல கூன், ஒரு கை மட்டும் ரொம்ப நீளம். திரையில ஒரு பக்கம் அவனோட ஓட்டைக் குடிசை, எதிர்ப்பக்கம் பாஷாவோட மாளிகை. 19ஆம் நூற்றாண்டு கடைசியில பத்ராஸ் ஊர்ல மிமாரோஸ்ங்கற ஆட்டக்காரர் அவனை முழுசா கிரேக்கனா மாத்திட்டார், அலெக்ஸாண்டர் பாம்பைக் கொல்ற கதை எல்லாம் அதுக்குள்ள வந்துச்சு. யாருது யாருதுன்னு சண்டை போடறதுல எனக்கு ஈடுபாடு இல்ல, ரெண்டும் வேற வேற ஆட்டமா வளர்ந்துடுச்சு, ரெண்டையும் பாருங்க.

அடுத்த தடவை போறப்ப இஸ்தான்புல்ல இருந்து கப்பல்ல முதான்யா போய் பூர்சாவுக்குப் போங்க. செகிர்கெ போற ரோட்டுல கரகோஸ் ஹஜிவத் நினைவுச் சின்னம் இருக்கு, எதிர்லயே கரகோஸ் மியூசியம், ஷோ உண்டான்னு போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. முடிஞ்சு வெளிய வந்தா இஸ்கெந்தர் கபாப் அந்த ஊர்லயே பிறந்தது, அதையும் விடாதீங்க. ஷோவுல மொழி புரியலைன்னாலும் கடைசி வரைக்கும் எந்திரிக்காதீங்க. அடி வாங்கி முடிச்ச ஹஜிவத், திரையை இடிச்சுப் பாழாக்கிட்ட, போய் இதோட சொந்தக்காரர் கிட்ட சொல்லிடறேன்னு சொல்லிட்டுப் போவான். தனியா நிக்கற கரகோஸ் நம்ம பக்கம் பார்த்து, நாக்கு தவறி ஏதாவது சொல்லியிருந்தா மன்னிச்சுடுங்கன்னு கேப்பான். அதுக்கப்புறம் தான் விளக்கை அணைப்பாங்க.